மதினி வைத்த துவர்ப்பு

என் அண்ணன் நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. அவர் எதனால் செத்தார் என்று கேட்டால் சின்னமனூரில் எங்கள் தெருப் பெண்களுக்கு அன்றைக்கு ஒரே பதில்தான் தெரியும். பெண்டாட்டி கொள்ளும் கீரையுமாகப் போட்டு ஆளை வற்ற வைத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பதிலை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அது பொய். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்பதைத்தான் இத்தனை வயதுக்குப் பிறகு எழுதப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வயலே கதியென்று கிடப்பவர். வீட்டில் என்னைக் குளிப்பாட்டிச் சடை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதெல்லாம் அண்ணன்தான். மீசை அரும்பின பையன் தங்கச்சிக்குச் சடை பின்னுகிறான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்களாம். "ஏலே, ஒனக்குத் தங்கச்சி இருந்தாத் தெரியும்" என்பாராம். ஐந்தாவது வரை படிக்க வைத்தார். கட்டிக் கொடுக்கும்போதும் தூரத்தில் கொடுக்க மனசில்லாமல் இரண்டு தெரு தள்ளி, ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்தார். ஆகவே கல்யாணமான பிறகும் நான் அண்ணனை விட்டுப் பிரியவே இல்லை. அவர் வயலுக்குப் போகிற பாதை என் வீட்டு வாசல் வழியாகத்தான்.

எங்களுக்கு ஆற்றுப் பாசனம். இரண்டு போகம் நெல். மூன்று வேளையும் நெல்லுச்சோறு சாப்பிடுகிற வீடு என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, ஓடைப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. கம்பும் சோளமும் கொள்ளும் தின்று வளர்ந்தவள். வந்த புதிதில் ஒருநாள் ஆசையாகக் கொள்ளு ரசம் வைத்தாள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல இத மாட்டுக்குத்தான் வேக வைப்போம் மதினி" என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் அவள் கொள்ளை அடுப்பில் ஏற்றவில்லை. எங்களைப் போலவே சமைக்கப் பழகிக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்த வேலையெல்லாம் அண்ணனுக்கு ஆக்கிப் போடுவதுதான்.

அண்ணன் சாப்பாட்டுப் பிரியர். சோற்றில் நெய் குளம் கட்ட வேண்டும். உப்புக்கண்டம் வறுத்து வைத்தால் கூட இரண்டு கை சோறு இறங்கும். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த அந்த ஆட்டுக்கறித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கிறவர்களுக்குப் பசி எடுக்கும்.

ஒரு புரட்டாசி மாதம், வாய்க்கால் கரை ஏறும்போது அவருக்கு மூச்சு முட்டியது. பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினபோது வார் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் அமுக்கினேன். அமுக்கின குழி அப்படியே நின்றது.

"என்னண்ணே இது?"

"தண்ணிக்குள்ளயே நிக்கேன்ல, நீர் எறங்கிருக்கும்."

அந்த வாரமே மதினி அவரைப் பஸ்ஸில் ஏற்றி உத்தமபாளையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே பட்டணத்தில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் இருந்தார். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, கைராசிக்காரர் என்று பேர். என் கடைசிப் பிள்ளைக்கு அப்போது மாந்தம், அதனால் நான் கூடப் போகவில்லை. அந்த ஒரு நாள் நான் போயிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதை நான் என் காதால் கேட்கவில்லை. மதினி சொல்லித்தான் கேட்டேன். அவள் சொன்னதை நான் என்றைக்கு நம்பினேன், அன்றைக்கு நம்ப?

"ரத்தக் கொதிப்பாம் தாயி. நெஞ்சு பலம் கொறஞ்சு வீங்கிருக்காம். உப்பத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாக. நெய், கறி, ஊறுகா, உப்புக்கண்டம் ஒண்ணும் ஆகாதாம். கீர, காய், பழம், பருப்பு, கொள்ளு, கம்பு, இதுகதான் குடுக்கணுமாம். பாட்டில்ல மருந்து குடுத்துருக்காக. சொட்டு எண்ணித் தண்ணில விட்டுக் குடுக்கணும்."

"கொள்ளுன்னா சொன்னாக? டாக்டரா சொன்னாக?"

"நான்தான் கேட்டேன், கொள்ளு குடுக்கலாமாய்யான்னு. நல்லாக் குடும்மான்னாக."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி நான் சொன்ன ஒரு சொல்லுக்கு இப்போது வஞ்சம் தீர்க்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றையிலிருந்து அந்த அடுப்படி மாறிவிட்டது. உப்புப் போட்டு வைக்கிற மரவையைத் தூக்கி மாட்டுத் தொழுவத்தில் வைத்துவிட்டாள். துவர்ப்பு நெஞ்சுக்கு நல்லது, ரத்தத்தைச் சுத்தி பண்ணும் என்று அவளுடைய ஊரில் சொல்வார்களாம். ஆகவே எங்கே துவர்ப்பு உண்டோ அதையெல்லாம் தேடிப் பிடித்தாள். வாழைப்பூ ஆய்ந்து கூட்டு வைத்தாள். அத்திக்காயைத் தட்டிப் பருப்போடு வேக வைத்தாள். நெல்லிக்காயைப் பச்சையாகவே தின்னக் கொடுத்தாள். மாதுளையை உள்தோலோடு இடித்துச் சாறு பிழிந்தாள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கை நிறையப் போட்டு முருங்கைக்கீரை வதக்கினாள். ஓடைப்பட்டியிலிருந்து அவள் தம்பி வாரம் ஒருதரம் வண்டியில் கம்பும் கொள்ளும் ஒரு கூடை கறுப்புத் திராட்சையும் கொண்டுவந்து இறக்குவான். ஆற்றங்கரை மருத மரத்தில் பட்டை உரித்து வந்து, காயவைத்து, இடித்து, அரைப் பங்காகச் சுண்டும்வரை கஷாயம் வைத்தாள். அதற்கும் டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். கொடுக்கலாம், ஆனால் என் மருந்தை நிறுத்தக் கூடாது என்று பதில் வந்தது.

உப்பில்லாத சோறு வாயில் வைக்க விளங்குமா? அதற்கும் அவள் வழி தேடினாள். கொள்ளை வறுத்து வேகவைத்தால் வாசம் கூடும் என்று கண்டுபிடித்தாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, இறக்கினபிறகு எலுமிச்சை பிழிந்தாள். அண்ணன் தின்பதையே அவளும் தின்றாள். தனக்கென்று ஒரு கல் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தீபாவளி கழிந்து கார்த்திகை வருவதற்குள் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வீக்கத்தால் கோல் ஊன்ற ஆரம்பித்திருந்த அண்ணன் அதை விட்டுவிட்டு வயலுக்கு நடந்தார். முகத்தில் ஊதல் போய்ப் பழைய மூக்கும் முழியும் தெரிந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். ஆனால் அவர் மெலிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டை தோளில் தொங்கிற்று. ஒருநாள் மத்தியானம் வயலிலிருந்து திரும்புகிறவர் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நான் அப்போதுதான் உப்புக்கண்டம் வறுத்துக்கொண்டிருந்தேன்.

"நாக்கு செத்துப்போச்சு ஆத்தா" என்றார். "மூணு மாசமா மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு. அவளும் என்ன செய்வா, பாவம், டாக்டர் சொன்னதச் செய்றா. ஒரே ஒரு துண்டு குடு. வாயில போட்டுட்டுப் போயிர்றேன்."

எனக்குச் சோறு ஊட்டின கை நீண்டது. நான் ஒரு துண்டு வைக்கவில்லை. இலை போட்டு, சோறு வைத்து, நெய் ஊற்றி, உப்புக்கண்டத்தை அள்ளி வைத்தேன். அவர் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முடித்துவிட்டு, "மதினிகிட்டச் சொல்லிராத" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதுமுதல் அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள். மதினி கொடுத்துவிட்ட கம்பங்கூழை என் வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, தூக்குவாளியை நானே கழுவிக் கொடுப்பேன். அவர் வருகிற நாளில் காலையிலேயே என் மனசு பரபரக்கும். ஊறுகாயில் எது நன்றாக ஊறியிருக்கிறது என்று பார்த்து எடுத்து வைப்பேன். எதற்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு, துளசி இலையைக் கிள்ளி மென்றுகொண்டு வீட்டுக்குப் போவார். கூசாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள் அவை. அம்மா இல்லாத வீட்டில் அவர் எனக்குச் செய்ததையெல்லாம் திருப்பிச் செய்வதாக நினைத்துக்கொண்டேன். அதைவிட, அண்ணன் பெண்டாட்டியை விட்டு என்னிடம் பசியாற வருகிறார் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை அன்றைக்குப் பாசம் என்றே நினைத்தேன்.

மாசி மாதம் கால் மறுபடியும் வீங்கிற்று.

மதினி பயந்துபோனாள். எங்கே தப்பு நடந்தது என்று தன் அடுப்படியையே துருவினாள். கீரையில் இயற்கையாகவே உப்பு இருக்குமோ என்று கீரையைக் குறைத்தாள். கம்பு குளிர்ச்சியோ என்று கம்பை நிறுத்திக் குதிரைவாலி கொடுத்தாள். கடைசியில் மருதம்பட்டைமேல் சந்தேகம் வந்தது. வேறு ஏதோ மரத்துப் பட்டையை மருதம் என்று நினைத்து உரித்து வந்துவிட்டோமோ என்று நடுங்கிப்போய், கஷாயச் சட்டியோடு கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினாள். அதை நான் பார்த்தேன். கொட்டிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "என்ன மதினி?" என்று கேட்டேன்.

"எங்கையாலயே அவுகளுக்கு வெனை வெச்சுட்டனோ என்னமோ தாயி" என்றாள்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை என்ற ஒரே வார்த்தை. நான் சொல்லவில்லை. "எல்லாம் சரியாப் போகும், எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

"தாயி, கோவப்படாத. அவுக இங்கன வரும்போது ஏதாச்சும் குடுக்கியா?"

"என்னத்தக் குடுக்க?"

"ஒரு வாய் சோறு, ஒரு துண்டு ஊறுகா... அவுக கேட்டா நீயும் இல்லன்னு சொல்ல மாட்ட. அதான் கேக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிடிபட்டுவிட்ட ஆங்காரம். அதுவரை மதினியை நீங்க என்றுதான் சொல்வேன். அன்றைக்கு அதுவும் போயிற்று.

"மாட்டுக்குப் போடுறதப் போட்டு எங்கண்ணன நீ எலும்பாக்கி வெச்சுருக்க. இப்ப வீங்கிருச்சுன்னதும் என்மேல பழி போட வந்துட்டியா? எங்கையால அவருக்குப் பச்சத்தண்ணிகூடக் குடுக்கல. போ."

"இல்லன்னா சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பேச்சை நம்பினாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பாதரசம் ஏறுவதைப் பார்த்தார். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மதினியிடம் திரும்பினார்.

"உப்பு சேத்தீங்களாம்மா?"

"ஒரு கல்லு சேக்கலய்யா. சத்தியமா இல்ல. பட்டையக்கூட நிறுத்திட்டேன்."

"பட்டைய ஏன் நிறுத்துனீங்க? அது ஒண்ணும் செய்யாதே." டாக்டர் யோசனையாக அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்ற அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காதது போதாதென்று கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வியும் கேட்டேன்.

"டாக்டரய்யா, மருந்துதான் குடுக்கிறீகள்ல. அதுக்குமேல இந்த இலையும் தழையும் எதுக்கு? ஆளு நாராப் போயிட்டாரு."

அவர் கோபப்படவில்லை. மேஜைமேல் இருந்த மருந்துப் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது எதுல இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? சீமையில ஒரு பூச்செடி. அதோட இலையக் காயவெச்சு, அதுல இருக்கிற சத்த எறக்கி எடுத்தது. இதுவும் இலைதாம்மா. சொட்டுக் கணக்குத் தப்புனா ஆளக் கொன்னுரும், அளவாக் குடுத்தா தளந்துபோன நெஞ்ச அடிக்க வைக்கும். ஒரு இலைக்குள்ள அவ்வளவு இருக்கு. இவங்க ஆக்கிப் போடுற கீரையிலயும் கொள்ளுலயும் நெல்லிக்காயிலயும் என்னென்ன இருக்குன்னு எங்க புஸ்தகத்துல இன்னும் எழுதி முடிக்கல. ஆனா கார்த்திகையில இவரு இங்க வந்தப்ப நான் பாத்தேன். என் மருந்து பாதி செஞ்சுது, இவங்க அடுப்பு பாதி செஞ்சுது. அன்னிக்கு இருந்த மாதிரி மறுபடியும் செய்யுங்க, போதும்."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளை ஒருவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வரும் வழியில் இனிமேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையாகவே செய்தேன். அண்ணன் மத்தியானம் வந்தால் மோர்கூட உப்பில்லாமல்தான் கொடுத்தேன். அவரும் கேட்கவில்லை. இருபது நாள் அப்படிப் போயிற்று. வீக்கம் கொஞ்சம் இறங்கிற்று. மதினி மறுபடியும் பட்டை உரித்து வந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரைக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு உரித்தாளாம்.

பங்குனியில் என் புகுந்த வீட்டுச் சாமிக்குக் கிடா வெட்டினோம். தாய்மாமன் என்ற முறையில் அண்ணன்தான் முதல் இலையில் உட்கார வேண்டும். மதினிக்கு அன்றைக்கு ஓடைப்பட்டியில் தம்பி வீட்டில் ஒரு விசேஷம். போகும்போது என்னிடம் வந்து, "அவுகளுக்கு மட்டும் தனியா ஆக்கி வெச்சுட்டுப் போறேன் தாயி. எல போட்டதும் அத எடுத்துப் பரிமாறிரு" என்று சொல்லி, குதிரைவாலிச் சோறும் வாழைப்பூக் கூட்டும் கொள்ளு ரசமும் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பந்தியில் எல்லாருக்கும் கறிச்சோறு. அண்ணன் இலையில் குதிரைவாலி. பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்தக்காரர் ஒருவர், "என்ன மாப்ள, பத்தியமா?" என்று சிரித்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது தாங்கவில்லை. அவர் கேட்கவில்லை. சத்தியமாக அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நான்தான் அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் களத்தில் நெல் காயப் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று கூலியாளிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

அந்த ஒரு இலைச் சோறுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. வெகுகாலம் கழித்து அந்த டாக்டரிடமே கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தது" என்றார். பத்தியம் முழுசாக இருந்திருந்தால் எத்தனை வருஷம் இருந்திருப்பார் என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஓடைப்பட்டியிலிருந்து மதினி வந்து இறங்கினபோது வாசல் நிறையப் பெண்கள். நான் அண்ணன் கால்மாட்டில் கிடந்தேன். அவளைப் பார்த்ததும் என்ன வந்ததோ, நெஞ்சில் அறைந்துகொண்டு கத்தினேன்: "கொள்ளும் தழையும் போட்டு எங்கண்ணனப் பட்டினி போட்டே கொன்னுட்டாளே! மாட்டுத் தீனியப் போட்டு மகராசன வாட்டிட்டாளே!" ஒப்பாரிக்கு வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. கூட இருந்த பெண்கள் அதை வாங்கிப் பாடினார்கள். மதினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அழுததாகக்கூட எனக்கு நினைவில்லை. என் சத்தத்தில் யாருடைய அழுகையும் கேட்டிருக்காது.

பதினாறாம் நாள் முடிந்ததும் அவள் தம்பி வண்டியோடு வந்தான். பதினெட்டு வருஷம் இருந்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு போனாள். நான் வழியனுப்பப் போகவில்லை.

யுத்தம் முற்றி அரிசிக்கு ரேஷன் அட்டை வந்த காலத்தில் எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றிற்று, பிடரி கனத்தது. என் வீட்டுக்காரர் உத்தமபாளையத்துக்குக் கூட்டிப் போனார். அதே டாக்டர், அதே பாதரசம். "உங்க அண்ணன் உடம்புவாகு" என்றார். உப்பு, நெய், ஊறுகாய் என்று அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, மதினி அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவ்வளவும் டாக்டர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்.

ஒரு வாரம் கழித்து ஓடைப்பட்டிக்குப் போனேன். மதினி தம்பி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "வா தாயி" என்று பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் உப்புக்கண்டத் துண்டு, கொட்டின கம்பங்கூழ், நிலைப்படியில் சொன்ன பொய், கடைசி இலை, எல்லாம்.

சுளகு அவள் மடியில் அப்படியே இருந்தது. எனக்குத் தெரியும் தாயி என்று சொல்வாள் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அப்ப பட்டையில தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி."

"இத்தன வருசமா நான் அந்த மரத்தப் பாத்தா வேற பாதையில போயிருவேன். மொதல்ல உரிச்சது வேற பட்டையா இருந்து, எங்கையால தப்பாக் குடுத்துட்டேன்னு. சாமி கும்புடப் போனாலும் அதச் சொல்லித்தான் கும்புடுவேன்." குரல் உயரவில்லை. "ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா நீ? அவுக போனபெறகாச்சும்?"

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் சாயும்வரை முற்றத்தில் இருந்தேன். தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வண்டி புறப்படுகிற நேரத்துக்கு மதினி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், கிணற்றடியைப் பார்த்தபடி பேசினாள்.

"ஒனக்கும் கொதிப்புன்னு சொன்னேல்ல. கொள்ள வறுத்துட்டு வேகப்போடு. வேகவெச்ச தண்ணியக் கீழ ஊத்திராத, ரசம் அதுலதான். புளியக் கொறச்சுக்க. எலுமிச்ச எறக்குனபெறகுதான் விடணும், அடுப்புல இருக்கும்போது விட்டா கசந்துரும். பத்து நாளு வாய்க்கு ஆகாது. அப்பறம் பழகிரும்." விரித்திருந்த பாயைச் சுருட்டினாள். "இனிமே இங்கன வராத தாயி."

அவள் சொன்னபடியே சமைத்தேன். பத்து நாள் வாய்க்கு ஆகவில்லை. பிறகு பழகிவிட்டது. வாழைப்பூ, நெல்லிக்காய், மாதுளை, கறுப்புத் திராட்சை என்று அவள் அடுப்பு முழுதும் என் அடுப்புக்கு வந்தது. டாக்டர் வைத்த கெடுவையெல்லாம் தாண்டி நான் இன்னும் இருக்கிறேன். இந்தத் துவர்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து வாயில் நுழையாத பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களாம் இப்போது.

தெருப் பெண்களிடமும் போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஒப்பாரியில் கூடப் பாடின இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் சொன்னது பொய், அண்ணனுக்கு உப்பும் கறியும் போட்டது நான்தான் என்றேன். ஒருத்தி, "விடுங்கக்கா, போனவுக வரவா போறாக?" என்று பேச்சை மாற்றினாள். இன்னொருத்தி நான் மதினியைக் காப்பாற்றுவதற்காகப் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கண் கலங்கினாள். அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஓடைப்பட்டிக்கு நான் மறுபடி போகவில்லை. இரண்டு கடுதாசி போட்டேன். மதினிக்குப் படிக்கத் தெரியாது. தம்பியோ தம்பி மகனோதான் அதைச் சத்தம் போட்டு வாசித்திருக்க வேண்டும். நான் செய்ததையெல்லாம் இன்னொருவர் வாயால், வீட்டார் நடுவில் உட்கார்ந்து அவள் கேட்க வேண்டியிருந்திருக்கும் என்பது இரண்டாவது கடுதாசியைத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது எழுதவில்லை.